21 ஆண்டு பழைய ஜென், ஓடியது 38,000 கிலோமீட்டர்: இந்த இன்ஜினை நம்பித் தஞ்சாவூர் வரை போகலாமா?

சூலூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 2004-இல் புதிதாக வாங்கிய மாருதி ஜென் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. 993 சிசி, நான்கு சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ (சிலிண்டருக்கு ஒன்றாக இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும்) பெட்ரோல் வண்டி. மீட்டரில் இன்றைய கணக்கு 38,400 கிலோமீட்டர். அதில் முப்பத்தைந்தாயிரத்துக்கு அருகில் அப்பா பணியில் இருந்த காலத்திலேயே ஓடியது. 2016-இல் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். அதன் பின் கார் தகரக் கூரையின் கீழ் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா சாவியை எடுத்து வந்து, "பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுப்பா" என்பார். நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைத்துவிடுவேன். மாதம் ஒருமுறை கடைவீதி வரை போய் வந்தால் அதுவே பெரிய ஓட்டம்.

வரும் தை மாதம் தஞ்சாவூரில் எங்கள் நெருங்கிய உறவில் ஒரு திருமணம். அந்தக் காரிலேயே போக வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார். பல்லடம், காங்கேயம், கரூர், திருச்சி வழியாக ஒருவழிக்கு 260 கிலோமீட்டர் வரும். அம்மாவுக்கு 71 வயது. நடுவழியில் கார் நின்றுவிட்டால் வெயிலில் அவரை உட்கார வைக்க முடியாது என்பதுதான் என் பயம்.

நான் கவனித்தவை இவை. ஞாயிறு ஸ்டார்ட் செய்தவுடன் அரை நிமிடம் நீலப் புகை வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளிர்பழுப்பு நிறத்தில், வெண்ணெய் போல ஏதோ படிந்திருக்கிறது. செல்ஃப் தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது. கடந்த மாதம் அவிநாசி சாலை நெரிசலில் வெப்பமானி முள் முக்கால் பங்கைத் தாண்டியது, வண்டி நகரத் தொடங்கியதும் இறங்கிவிட்டது.

ஒரு பட்டறையில் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தவர், எதையும் அளந்து பார்க்காமல், "இன்ஜினை இறக்கி ரிங் மாற்றி போர் பண்ணிவிடலாம், நாற்பத்தைந்தாயிரம் ஆகும்" என்றார். அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களை மாற்றி, சிலிண்டர் உட்சுவரைக் கடைவது. இவ்வளவு குறைவாக ஓடிய இன்ஜின் அதற்குள் தேய்ந்திருக்குமா? அப்பாவின் கார் என்பதால் விற்க மனமில்லை. ஆனால் வீண் செலவு செய்யும் நிலையிலும் நான் இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மதுரைப் பட்டறை எழுதியது:

தம்பி, முதலில் அந்த இன்ஜினை இறக்கச் சொல்லாதீர்கள். 34 ஆண்டுகள் இன்ஜின் வேலை பார்த்து, இப்போது பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் சொன்ன அடையாளங்களில் ஒன்றுகூட ரிங் தேய்மானத்தை உறுதியாகக் காட்டவில்லை.

ரிங் தேய்ந்த இன்ஜின் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது புகை விடும், ஓடும்போதெல்லாம் விடும், ஆயில் அளவும் கண்ணுக்குத் தெரிந்து குறையும். நின்று கிடந்த வண்டி ஸ்டார்ட் ஆனவுடன் மட்டும் புகைத்து, சூடானதும் நிறுத்துகிறது என்றால், அநேகமாக அது வால்வு ஆயில் சீல். வால்வுத் தண்டின் மேல் தொப்பி போல மாட்டியிருக்கும் அந்தச் சிறிய ரப்பர் காலத்தால் இறுகிவிடுகிறது. ஒரு வாரம் நிற்கும்போது மேலே உள்ள ஆயில் துளித்துளியாக அதன் வழியே சிலிண்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் எரிந்துபோகிறது. அது மாற்ற வேண்டிய பொருள்தான். ஆனால் அதற்காக இன்ஜினை இறக்குவது, ஓட்டுக் கூரையில் ஓர் ஓடு உடைந்ததற்கு வீட்டையே இடித்துக் கட்டுவது போல.

உங்கள் காரில் நான் பயப்படுவது வேறு இரண்டு இடங்களைப் பற்றி. ஒன்று டைமிங் பெல்ட், அதாவது கிராங்கின் சுழற்சியை வால்வுகளைத் திறக்கும் கேமுக்குக் கொண்டுபோகும் பட்டை. அந்த இன்ஜினில் செயின் கிடையாது, பல் வைத்த ரப்பர் பெல்ட்தான். அதற்குக் கிலோமீட்டர் கணக்கு ஒன்று, வருடக் கணக்கு ஒன்று. இரண்டில் எது முதலில் முடிகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். எங்கள் பட்டறையில் ஓட்டம் குறைந்த வண்டிகளுக்கு ஐந்தாறு ஆண்டுக்கு மேல் விட்டதில்லை. 38,000 கிலோமீட்டர்தானே என்று யாரும் தொடாமல் விட்டிருந்தால், உங்கள் பெல்ட்டுக்கு இப்போது 21 வயது. நெடுஞ்சாலையில் அது அறுந்தால் அந்த நொடியே இன்ஜின் நின்றுவிடும். வால்வும் பிஸ்டனும் மோதும் அமைப்புள்ள இன்ஜின்களில் அதற்குமேல் பெருஞ்செலவும் சேரும்.

இரண்டாவது, குளிர்விக்கும் அமைப்பு. ஜென் இன்ஜினில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கும், அதன் மேல் மூடும் ஹெட்டும் அலுமினியம். எடை குறைவு, வேகமாகச் சூடாகும், நல்ல இன்ஜின். ஆனால் ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் ஹெட் வளைந்துவிடும். நெரிசலில் முள் ஏறி, காற்றோட்டம் கிடைத்ததும் இறங்கியது என்றால், ஃபேன் சரியாகச் சுற்றவில்லை அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எனக்கு நான்கு விவரங்கள் வேண்டும்: பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா, ரேடியேட்டரில் உள்ள குளிர்விக்கும் திரவமான கூலண்ட் என்ன நிறம், பேட்டரி வயது, நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் (உள்ளே காற்றை அமுக்கும் அழுத்தம்) அளவு. கம்ப்ரஷன் பார்க்கும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கையும் கழற்ற வேண்டும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்க வேண்டும், பேட்டரி முழு பலத்தில் இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் நல்ல இன்ஜினையே கெட்டது என்று அந்த மானி சொல்லிவிடும்.

திருச்சி வேதியியல் ஆசிரியை எழுதியது:

அந்த வெண்ணெய் போன்ற படிவைப் பற்றி மட்டும் என் பாடத்தின் வழியாகச் சொல்கிறேன். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் போய், கூலண்ட் ஆயிலில் கலக்கிறது என்று பலர் அதைப் பார்த்துப் பதறுகிறார்கள். பெட்ரோல் என்பது ஹைட்ரோகார்பன். எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் முழுவதும் நீராகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பகுதி ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்குகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் ஆயில் நன்றாகத் தண்ணீரின் கொதிநிலைக்கு நெருங்கிச் சூடாவதால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில் ஆயில் வெதுவெதுப்பைத் தாண்டாது. ஈரம் குளிர்ந்த மூடியின் அடியில் வியர்த்து, ஆயிலோடு கலந்து அந்தக் குழம்பாகிறது.

ஆகவே, வருத்தத்தோடு சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடம் காரைக் காப்பாற்றவில்லை. ஒவ்வொரு வாரமும் அதற்குள் கொஞ்சம் தண்ணீரையும் எரியாத பெட்ரோலையும் ஊற்றியிருக்கிறது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கணினி கூடுதல் பெட்ரோல் கொடுக்கும், அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். நீரும் எரிபொருள் கழிவும் சேர்ந்தால் ஆயிலில் அமிலம் சேர்கிறது. மீட்டர் ஓடாததால் ஆயில் மாற்றும் நாளும் வருவதில்லை.

கேஸ்கெட்டா, வெறும் ஈரமா என்று பிரித்தறிய வழி உண்டு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதில் உள்ள ஆயில் தெளிவாக இருந்து மூடியில் மட்டும் குழம்பு இருந்தால் ஈரம்தான். டிப் ஸ்டிக்கிலேயே பால் கலந்த காப்பி நிறம் தெரிந்து, கூலண்டும் காரணமின்றிக் குறைந்தால் மட்டுமே கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நெல்லை ஓட்டுநர் எழுதியது:

மாற்றுக் கருத்தைப் பணிவோடு வைக்கிறேன். எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு மாருதி 800 இருந்தது. வாரம் இருமுறை ஸ்டார்ட் செய்து வைத்துத்தான் பன்னிரண்டு ஆண்டுகள் காப்பாற்றினோம். ஸ்டார்ட்டே செய்யாமல் விட்டால் எலி கூடு கட்டும், பேட்டரி இறங்கும், ஆயில் சீல்கள் காய்ந்துபோகும். ஓடவிடுவது கெடுதல் என்று சொன்னால், பலர் ஆறு மாதத்துக்கு அப்படியே போட்டுவிடுவார்கள். அதுவும் நல்லதில்லையே.

மதுரைப் பட்டறை எழுதியது:

நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஓட்டுநர் தம்பி. போட்டுவிடுவதா, நின்றபடி ஓடவிடுவதா என்று இரண்டே வழி இல்லை. மூன்றாவது வழி, எடுத்து ஓட்டுவது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 25 கிலோமீட்டர் போய் வந்தால் போதும். அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, மூன்றாம் நான்காம் கியரில் கொஞ்ச தூரமாவது இன்ஜின் மூச்சுவிட்டு ஓட வேண்டும். வெப்பமானி முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று பலர் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அந்த முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை. ஆயில் அந்தச் சூட்டுக்கு வர இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும்.

பேட்டரிக்கும் இதே கணக்குத்தான். வெறும் ஐடிலில் ஆல்டர்னேட்டர் கொடுப்பது குறைவு. ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்டைக்கூட அது திருப்பித் தராமல் போகலாம். ஆறு மாதம் ஓட்டவே முடியாது என்றால் பேட்டரி ஒயரைக் கழற்றி வையுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓட்ட முடியும் என்றால் ஓட்டுங்கள்.

காரைக்குடி பத்மினி எழுதியது:

எங்கள் வீட்டில் 1986-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி ஒன்று உண்டு. 1089 சிசி, கார்புரேட்டர் வண்டி. குடும்பம் சென்னையில் இருப்பதால் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும்தான் கொட்டகையிலிருந்து வெளியே வரும். சூலூர்வாசி பெல்ட்டைப் பற்றிக் கவலைப்படுகிறார். எங்கள் வண்டியில் டைமிங் செயின் என்பதால் அந்தக் கவலை இல்லை. எங்களுக்கு ஆபத்து பெட்ரோல் வழியாக வந்தது.

சென்ற ஆண்டு திருவிழாவுக்குப் போனபோது டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. யாரும் ஆயில் ஊற்றவில்லை. முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் நெடி. அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும், உள்ளே ரப்பர் பூசிய ஒரு ஜவ்வு மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுக்கும். அந்த ஜவ்வு விரிசல் விட்டு, பெட்ரோல் நேராக ஆயிலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியே காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வரை போயிருந்தால் நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் எல்லாம் போயிருக்கும். எண்பது வயதான எங்கள் ஊர் மேஸ்திரிதான், "ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால கம்பியை இழுத்துப் பாருங்க" என்று எப்போதும் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தப் பழக்கம்தான் வண்டியைக் காப்பாற்றியது.

இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கூடியிருப்பது பழைய ரப்பரை இன்னும் சீக்கிரம் கெடுக்கிறதா? ஆசிரியை அம்மாவிடம் கேட்க விரும்புகிறேன்.

திருச்சி வேதியியல் ஆசிரியை எழுதியது:

ஆம், அந்தக் கவலைக்கு அடிப்படை உண்டு. நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பதற்கு முதலில் 2030 என்று குறித்திருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-லேயே அந்த அளவை எட்டிவிட்டார்கள். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் அந்தக் கலவையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. 2004 ஜென்னும் 1986 பத்மினியும் எத்தனாலை மனத்தில் வைத்துத் தயாரித்தவை அல்ல.

இரண்டு விளைவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மைலேஜ் குறைவது ஒன்று. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை திறன் குறையலாம் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக்கின் திட்ட அறிக்கையே குறிப்பிட்டிருந்தது. ஆண்டுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும் காருக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

மற்றொன்றுதான் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தினம் ஓடும் வண்டியில் பெட்ரோல் தீர்ந்து புதிதாக வந்துகொண்டே இருப்பதால் பிரச்சினை எழாது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், பாதி காலியான டேங்கின் மேற்பகுதியில் இருக்கும் காற்று இரவில் குளிர்ந்து வியர்க்க, அந்த நீர் கலவைக்குள் சேர்கிறது. ஓர் அளவைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சும் இடமும் அந்த அடிப்பகுதிதான். இரும்பு டேங்க் துருப்பிடிப்பதும் அங்கேதான் தொடங்கும். இதோடு, பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டால் ஸ்டார்ட் ஆவது கடினமாகும், மிஞ்சியதில் பிசின் உண்டாகும். பிசின் கார்புரேட்டர் ஜெட்டையும் அடைக்கும், இன்ஜெக்டரையும் அடைக்கும்.

என் யோசனை: இரண்டு மாதத்தில் தீர்க்கக்கூடிய அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். தீர்த்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். பெட்ரோல் குழாய்கள் பழையவை என்றால் எத்தனாலைத் தாங்கும் வகைக் குழாயாக மாற்றிவிடுங்கள். குழாயை வளைத்துப் பார்த்து மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் தெரிந்தாலோ, விரலால் அழுத்தும்போது உப்பிப் பதமாக இருந்தாலோ தாமதிக்க வேண்டாம். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சூலூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மதுரை ஐயா கேட்ட விவரங்களோடு வந்திருக்கிறேன். இந்த முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அளந்து பார்த்துவிட்டுத்தான் எதையும் கழற்ற வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன், அவரும் மனமுவந்து ஒப்புக்கொண்டார்.

பேட்டரி ஆறு வயது. இரவு முழுதும் நின்ற பிறகு 12.1 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 9-க்கும் கீழே விழுந்தது. புதிய பேட்டரி வைத்த பின் கம்ப்ரஷன் பார்த்தோம், பிஎஸ்ஐ கணக்கில்: 178, 176, 171, 177. மூன்றாவது சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டுப் பார்த்தபோது 180 காட்டியது. டிப் ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருந்தது, ஆனால் பால் நிறம் இல்லை. குழம்பு மூடியில் மட்டுமே இருந்தது.

ஃபேனில்தான் அதிர்ச்சி. ஏ.சி போட்டால் சுற்றுகிறது. ஏ.சி இல்லாமல் இன்ஜினைச் சூடாக்கினால் முள் ஏறிக்கொண்டே போகிறது, ஃபேன் அசையவில்லை. சூட்டை உணர்ந்து ஃபேனைப் போட வேண்டிய சுவிட்ச் செத்துக் கிடந்திருக்கிறது. ரேடியேட்டரைத் திறந்தால் கூலண்ட் செங்கல் கரைத்த தண்ணீர் போல இருந்தது. கடைசிக் காலத்தில் அப்பா போர்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதிப் போர்த் தண்ணீரில் பாத்திரமே வெள்ளை பூத்துவிடும். ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில் சில வரிசைகள் தொட்டால் குளிர்ந்தே இருந்தன.

பழைய பில்களையெல்லாம் அப்பா ஒரு கோப்பில் வைத்திருந்தார், 2004 முதல் ஒன்று விடாமல். அதில் டைமிங் பெல்ட் என்ற சொல்லே எங்கும் இல்லை. மூடியைக் கழற்றியதும் மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பெல்ட்டைத் திருப்பி மடித்தபோது ஒவ்வொரு பல்லின் அடியிலும் கீறல். கேம் ஆயில் சீல் கசிந்து ஒரு ஓரம் ஆயிலில் ஊறியிருந்தது. அந்தப் பெல்ட்டோடுதான் கடந்த மாதம் அம்மாவை அவிநாசி சாலையில் அழைத்துப் போயிருக்கிறேன்.

மதுரைப் பட்டறை எழுதியது:

நான்கு சிலிண்டருக்கும் இடையே ஏழு புள்ளிதான் வித்தியாசம். இந்த இன்ஜினுக்கு ரிங் மாற்றச் சொல்வது பாவம். கம்ப்ரஷனில் தனி எண்ணைவிட எண்களின் ஒற்றுமையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றதைவிடப் பதினைந்து விழுக்காடு கீழே இருந்தால் அங்கே நோய் இருக்கிறது என்று பொருள். ஆயில் விட்டும் எண் ஏறாமல் இருந்தால் வால்வு, வேகமாக ஏறினால் ரிங். உங்களுடையது கொஞ்சம்தான் ஏறியது, கவலை வேண்டாம். நன்றாக ஓடத் தொடங்கினால் நின்று இறுகிய ரிங்கும் இளகிவிடும்.

இப்போது வேலையை இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். பெல்ட், அதன் டென்ஷனர், கேம் சீல், கிராங்க் சீல் நான்கும் சேர்த்தே மாற்றுங்கள். மூடி திறந்திருக்கும்போதே வாட்டர் பம்பையும் ஆட்டிப் பார்த்து, அசைவோ கசிவோ இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். கூலிக்கு இன்னொரு முறை செலவழிக்க வேண்டாம். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா என்று பாருங்கள். வரிசைகள் அடைத்திருந்தால் புதியது போடுவதே நல்லது. தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஃபேன் சுவிட்ச், இறுகிப்போன தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் புதிதாக வர வேண்டும். மூடிதானே என்று நினைக்காதீர்கள். அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது.

கூலண்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். அலுமினியத்துக்குக் காவல் கூலண்டில் உள்ள துருத்தடுப்பு மருந்துதான். அது மூன்று நான்கு ஆண்டில் தீர்ந்துவிடும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

எச்சரிக்கை ஒன்று. ஆயில் மாற்றும்போது இன்ஜின் ஃபிளஷ் என்று ஒரு டப்பாவை ஊற்றச் சொல்வார்கள். 21 ஆண்டுப் படிவை ஒரே நேரத்தில் கரைத்தால், அது போய் ஆயில் உறிஞ்சும் சல்லடையில் அடைக்கும், ஆயில் அழுத்தம் போய்விடும். அதற்குப் பதிலாகக் கையேட்டில் சொன்ன தடிப்புள்ள சாதாரண ஆயிலை ஊற்றி, ஐந்நூறு கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு இரண்டாயிரத்தில் ஒருமுறை ஃபில்டரோடு மாற்றுங்கள். அழுக்கு மெதுவாக வெளியேறட்டும். பழைய வண்டிதானே என்று கையேட்டைவிடத் தடித்த ஆயிலை ஊற்றவும் சம்மதிக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜினில் தடித்த ஆயில் மேலே கேம் வரை ஏறத் தாமதமாகும். நின்று கிடக்கும் வண்டிக்குத் தேய்மானம் வருவதே அந்த முதல் சில நொடிகளில்தான்.

வேலை முடிந்ததும் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். எங்கும் முட்டாமல் வந்து, குறிகள் மறுபடி நேருக்கு நேர் பொருந்தினால் பெல்ட் சரி. பிறகு பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். அதற்குப் பிறகுதான் ஃபியூஸை மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

நெல்லை ஓட்டுநர் எழுதியது:

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு ஒன்றைச் சேர்க்கிறேன். இத்தனை வேலைக்குப் பின் நேராகத் தஞ்சாவூர் புறப்பட வேண்டாம். முதலில் முப்பது கிலோமீட்டர், அடுத்து அறுபது, அடுத்து நூறு என்று போய் வாருங்கள். ஒவ்வொரு முறையும் நின்ற இடத்தில் அட்டையை விரித்துக் கசிவு பாருங்கள். வெகுநாள் நின்ற வண்டியில் ஒன்றைச் சரிசெய்தால், அதுவரை ஒளிந்திருந்த அடுத்த பலவீனம் முதல் சில ஓட்டங்களில்தான் வெளிவரும். வாடகை வண்டி ஓட்டுகிற எங்களுக்கு இது பாடம். ஞாயிற்றுக்கிழமை ஐடில் பற்றி நான் முன்பு எழுதியதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த 800-க்கும் மூடிக்கடியில் வெண்ணெய் இருந்தது நினைவுக்கு வருகிறது.

சூலூர்வாசி எழுதியது:

தஞ்சாவூரிலிருந்து நேற்றிரவு திரும்பினோம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இதே நிலையில் கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

பெல்ட் செட், சீல்கள், வாட்டர் பம்ப், புதிய ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி, ஃபேன் சுவிட்ச், தண்ணீர்க் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள், பேட்டரி, ஆயில், கூலியெல்லாம் சேர்த்து 27,600 ரூபாய் ஆனது. உதிரிபாகங்களில் ஃபேன் சுவிட்சுக்குத்தான் அலைய வேண்டியிருந்தது, மற்றவை இரண்டு நாளில் கிடைத்தன.

ஓட்டுநர் அண்ணன் சொன்ன மாதிரி படிப்படியாகப் போனேன். பல்லடம் வரை எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டாவது முறை உடுமலைப்பேட்டை சாலையில் நாற்பது கிலோமீட்டர் கடந்ததும் வண்டி மூச்சுத் திணறியது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஏறவில்லை, விட்டால் ஓடுகிறது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் சரியாக ஓடி, மறுபடி திணறியது. பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருந்தது. கழற்றி ஊதியபோது பழுப்புத் துகள்களோடு அழுக்குத் தண்ணீர் வந்தது. ஆசிரியை அம்மா எழுதியது அப்படியே கண்முன் இருந்தது. டேங்கை இறக்கிக் கழுவி, புதிய ஃபில்டர் போட்டோம், இன்னொரு மூவாயிரம். அந்தச் சோதனை ஓட்டம் இல்லாமல் போயிருந்தால், இதே திணறல் காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவே அம்மாவோடு நிகழ்ந்திருக்கும்.

பயணத்தில் எழுபதுக்கு மேல் போகவில்லை. கரூரில் ஒருமுறை, திருச்சியில் ஒருமுறை நிறுத்தி, சூடு ஆறிய பின் கூலண்ட் டப்பாவைப் பார்த்தேன், அளவு மாறவில்லை. திருச்சி நெரிசலில் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லில் எழுத முடியவில்லை. போகவர 548 கிலோமீட்டர். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டிலிருந்து கால் பங்கு குறைந்திருக்கிறது. மூடிக்கடியில் குழம்பு இல்லை. இன்று காலை ஸ்டார்ட் செய்தபோது புகை நான்கைந்து நொடிதான் வந்தது.

வால்வு சீலை இப்போதே மாற்றட்டுமா, பொறுக்கலாமா என்று மதுரை ஐயாதான் சொல்ல வேண்டும். இனி ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் அம்மாவை மருதமலைக்கு அழைத்துப் போவதாக முடிவு செய்திருக்கிறோம்.

மதுரைப் பட்டறை எழுதியது:

ஐந்நூறு ஆகிவிட்டதால் இந்த வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், கறுத்துத்தான் வரும். வால்வு சீல் பொறுக்கட்டும். அடுத்த ஆயிரம் கிலோமீட்டரில் எத்தனை மில்லி குறைகிறது என்று அப்பாவின் அந்தக் கோப்பிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். அரை லிட்டருக்கு மேல் போனால் எனக்கு எழுதுங்கள், ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றும் முறையை உங்கள் மெக்கானிக்குக்கு விளக்கமாகச் சொல்கிறேன். பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி பெல்ட் மூடியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.